கூரை ஓட்டைகளில் விழுந்த கிரகணம்

கிரகணம் வந்தபோது என் மனைவிக்கு ஆறாம் மாதம். அதற்கு முன் இரண்டு முறை கரு தங்கவில்லை. அதனால் அவளுடைய தாய், என் மாமி, ஒரு கிழமைக்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டா: கிரகணம் பிடித்து விடும் வரை பிள்ளைத்தாய்ச்சி அறைக்குள்ளேதான்; கதவும் சன்னலும் சாத்தியிருக்க வேண்டும்.

நான் மட்டக்களப்பு நகரத்துத் தபால் கந்தோரில் தந்தி அடிக்கும் வேலையில் இருந்தேன். எங்கள் பக்கத்து வழக்கப்படி குடும்பம் மனைவி வீட்டில், பழுகாமத்தில். லீவு கிடைத்தால் தோணியேறி வாவி வழியாகப் போவேன். அந்த முறை மடியில் பெட்டிக் கமரா இருந்தது. நகரத்தில் படக்கடை வைத்திருந்த பறங்கியர் ஒருவர் எனக்குச் சிநேகிதர். அவரிடம் பழையதாக வாங்கியது.

"முழுசா மூடுறது சுமாத்திராப் பக்கம்தான்," என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். "நமக்கு அரைகுறை. உங்கட பெட்டியில சூரியன் குண்டூசித் தலையளவுதான் விழும். வீணா பிலிமைக் கெடுக்காதங்க."

நான் கேட்கவில்லை. அவர் சிரித்துவிட்டு, விளக்குப் புகை பிடித்த கண்ணாடித் துண்டு ஒன்றையும் கையில் தந்து அனுப்பினார்.

அன்று காலை வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. முற்றத்தில் உரலைக் கவிழ்த்து, அதன்மேல் கமராவை அண்ணாந்து பார்க்க வைத்து, முன்னால் புகைக் கண்ணாடியைப் பிடித்தேன். சூரியனின் ஒரு ஓரம் கடித்த அப்பம் போலக் குறைந்தது. வெயில் இருந்தது, ஆனால் சூடு இல்லை. வாவிப் பக்கம் கொக்குகள் என்ன செய்வதென்று தெரியாமல் எழும்பிச் சுற்றின. படத்துக்கு மேல் படமாக எடுத்துக்கொண்டிருந்தேன். சுருளில் கடைசிப் படம் மிச்சமிருந்தபோது உள்ளேயிருந்து மனைவி கூப்பிட்டாள்.

"இஞ்ச ஓடி வாங்க! கெதியா வாங்க!"

போன முறை கரு கலைந்தபோதும் அப்படித்தான் கூப்பிட்டாள். கமராவைக் கையில் பிடித்தபடியே ஓடிக் கதவைத் தள்ளினேன்.

அவள் பாயில் சாய்ந்திருந்தாள். முகத்தில் சிரிப்பு.

அந்த வருடம் கூரை வேயப்படவில்லை. தென்னங்கிடுகு இற்று, ஊசி ஊசியாக ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் சூரியன் உள்ளே விழுந்திருந்தது. மற்ற நாட்களில் வட்டம் வட்டமாக விழும் வெளிச்சம் அன்று பிறை பிறையாக விழுந்தது. தரையில், பாயில், அவளுடைய வெள்ளைச் சேலையில், வயிற்றில், எங்கும் குட்டிப் பிறைகள். நான் வெளியே அண்ணாந்து தேடியதை அவள் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் பின்னால் வந்த மாமி அலறினா. "ஐயோ புள்ள, வயித்தில படுது!"

கொடியில் கிடந்த போர்வையை இழுத்துக்கொண்டு ஓடினா.

"அம்மா, கொஞ்சம் பொறுங்க. சுடல்ல. நெலவு மாதிரித்தான் கிடக்கு," என்றாள் மனைவி. பிறகு என்னைப் பார்த்து, "இதப் படம் புடிங்களன்," என்றாள்.

நான் கமராவைத் தூக்கவில்லை. மாமியின் பயம் எனக்குள்ளும் இருந்தது. இரண்டு முறையும் அந்த அறையில் மகளைத் தாங்கிப் பிடித்தவ அவதான்.

மாமி போர்வையோடு நின்றா. மகளின் முகத்தையே பார்த்தா. முதல் கரு போன பிறகு, ஒன்றரை வருடமாக, அவள் அப்படிச் சிரித்து நாங்கள் கண்டதில்லை. போர்வை மெல்லக் கீழே இறங்கியது. மாமி பாயோரம் குந்தி, தன் கையை விரித்து மகளின் வயிற்றின் மேல் வைத்தா.

"படுறதெண்டா முதல்ல என்ட கையில படட்டும்," என்றா. "எடுங்க, தம்பி."

அறை இருட்டாக இருந்ததால், வாசற்படியில் கமராவை வைத்து, அதன் கண் திறந்தபடியே நிற்கும்படி பக்கத்து முள்ளை இழுத்துவிட்டேன். மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தோம். பிறைகள் தடிக்கத் தொடங்கும் முன் அந்தக் கண்ணை மூடினேன்.

சிநேகிதர் கழுவித் தந்தபோது, வெளியே எடுத்த படங்களில் அவர் சொன்ன குண்டூசித் தலைகள் இருந்தன. சிலதில் அதுவும் இல்லை. கடைசிப் படத்தைத் தண்ணீரிலிருந்து தூக்கியவர் வெகுநேரம் கீழே வைக்கவில்லை. சேலை முழுக்கப் பிறைகள். நடுவில் ஒரு கை, விரல்களிலும் பிறைகள். கை நடுங்கியதால் அந்த இடம் மட்டும் சற்றுக் கலங்கியிருந்தது. "இதுக்குக் காசு வேணாம்," என்று இரண்டு பிரதி போட்டுத் தந்தார்.

நான் அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. பிள்ளை நல்லபடி பிறக்கட்டும் என்று கந்தோர் மேசைக்குள் வைத்திருந்தேன். மாமியும் படத்தைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை. ஆனால் மாலைதோறும் மகளின் வயிற்றில் கை வைத்து, அசைகிறதா என்று பார்ப்பாவாம்.

மாரி மழை தொடங்குவதற்குச் சற்று முன் எங்களுக்கு மகள் பிறந்தாள். உடம்பில் ஒரு மறுவும் இல்லாமல், வீடு அதிரும் குரலோடு பிறந்தாள். செய்தி கிடைத்ததும் படத்தை எடுத்துக்கொண்டு தோணியேறினேன். மாமி அதை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா.

"இது என்ட கையா?"

"ஓம், மாமி."

"நடுங்கியிருக்கே!" என்று வெட்கப்பட்டுச் சிரித்தா.

அதன்பின் எத்தனையோ படம் எடுத்தேன். நல்ல கமராக்களும் கைக்கு வந்தன. ஆனால் படம் என்றதும் எனக்கு முதலில் நினைவு வருவது மாமியின் அந்தக் கைதான். அவ்வளவு பயத்திலும் போர்வையைப் போடாமல் கையை வைத்தாவே. அதற்கு நான் ஒரு நாளும் வாய்விட்டு நன்றி சொன்னதில்லை. அன்று என் மகளைத் தூக்கி அவ மடியில் வைத்தபோது அவவுக்கு அது விளங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.