காணாமல் போனோர் கொட்டகையில் என் தங்கை

என் தங்கை ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். குறைமாதத்தில் பிறந்து, இது தேறாது என்று சொன்ன மருத்துவச்சியின் வாயை அடைத்தாள். சின்ன வயதுக் காய்ச்சலில் இடது காது போன பிறகும், வீட்டில் யார் எதை முணுமுணுத்தாலும் அவளுக்குத் தெரியாமல் இருந்ததில்லை. பெண்பிள்ளைக்கு எதற்கு என்று அப்பா தடுத்த நீச்சலை, அப்பா தூங்கும் நேரம் பார்த்துக் கற்றுக்கொண்டாள். கட்டியவன் கப்பல் வேலைக்குப் போய் அப்படியே கரைந்துபோன பிறகு, ஒற்றை ஆளாக நின்று மகளை நர்ஸ் ஆக்கினாள். விடுதியின் சலவைக்கூடத்து நீராவியில் நெஞ்சு கெட்டு இருமிக்கொண்டிருந்தவள், கேட்டுக் கேட்டுக் கடற்கரை வேலைக்கு மாற்றம் வாங்கினாள். அங்கே எல்லாரும் போட்டாக வேண்டிய வைக்கோல் தொப்பியைப் போட மாட்டேன் என்று சொல்லி, அதிலும் ஜெயித்தாள். கடைசியாக ஒரு பெரியவரின் விஷயத்தில் ஜெயித்தாள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நானும் அதே விடுதியில்தான் வேலை செய்கிறேன். கடற்கரைக் குடைகளையும் சாய்வு நாற்காலிகளையும் பழுது பார்ப்பவன். அதனால் இதில் பெரும்பகுதி என் கண்ணால் பார்த்தது.

விடுமுறைக் காலத்தில் எங்கள் கடற்கரைக்கு வருகிறவர்கள் சிலவற்றை எதிர்பார்த்தே வர வேண்டும். விடிவதற்குள் நாற்காலிகளில் துண்டு விழுந்திருக்கும். துண்டுக்காரர் மட்டும் அறையில் போர்வைக்குள் இருப்பார். பழச்சாறு வரிசை நகராது. மணல் காலைப் பொரிக்கும். மத்தியானம் ஒரு மழை வந்து எல்லாரையும் விரட்டிவிட்டு, தனக்கு ஒன்றும் தெரியாது என்பதுபோல் போய்விடும். குளிர்கண்ணாடி மறைத்த இடம் தவிர மிச்ச முகமெல்லாம் செங்கல் நிறமாகும். அப்புறம், யாராவது ஒருவர் காணாமல் போவார்.

காரணம் ரொம்பச் சாதாரணம். எங்கள் குடைகள் எல்லாமே ஒரே நீலம். தண்ணீரில் விளையாடும் பிள்ளையை அலை கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் நகர்த்திவிடும். பிள்ளைக்கு அது தெரியாது. கரையேறி நேராக நடந்து, தன் குடை என்று நினைத்து ஒரு குடைக்குள் நுழையும். அங்கே வேறு அம்மா உட்கார்ந்திருப்பாள்.

அப்படிப்பட்ட பிள்ளைகளை உட்கார வைக்கத்தான் காணாமல் போனோர் கொட்டகை. நான்கு கம்பம், ஒரு கூரை, குட்டி முக்காலிகள், தண்ணீர்ப் பானை, யாரோ விட்டுப்போன படப் புத்தகங்கள். என் தங்கைக்கு அங்கே ‘காணாமப்போன அக்கா’ என்று பெயர். உயிர்காக்கும் வீரர்கள் இருவர் தினமும் இதை வைத்து ஒரு நாடகம் போடுவார்கள்.

“காணாமப்போன அக்கா எங்கடா?”

“காணோம்டா.”

“அப்ப சரியாத்தான் வேலை பார்க்குது.”

“உங்க ரெண்டு பேரையும் பெத்தவங்க வந்து கேட்டாக்கூட நான் குடுக்கமாட்டேன், இங்கயே கிடங்க” என்பாள் அவள்.

கொட்டகையில் அவள் தானாக ஏற்படுத்திய சட்டம் ஒன்று உண்டு. அழுதுகொண்டு யாரும் அங்கிருந்து போகக் கூடாது. அவள் வேலைக்கு வந்த புதிதில் ஒரு சிறுமியை அவளுடைய அப்பாவிடமே கொடுத்தார்கள். அவர் தலையில் அகலத் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, முகம் முழுக்க வெள்ளைக் களிம்பு. பிள்ளைக்கு அடையாளம் தெரியவில்லை. “இது எங்கப்பா இல்ல” என்று வழியெல்லாம் வீறிட்டது. பிள்ளை பிடிக்கிறவன் என்று நினைத்து நாலு பேர் எழுந்துவந்து அந்த மனிதரைச் சாத்திவிட்டார்கள். அன்றிலிருந்து யார் வந்தாலும் முதலில், “தொப்பிய எடுங்க, கண்ணாடிய கழட்டுங்க, முகத்த துடைங்க” என்பாள். பிள்ளைகள் தேடுவது வீட்டில் பார்த்த முகத்தை. பெற்றவர்கள் கொண்டுவருவது விடுமுறை முகத்தை. தானும் தொப்பி போடாததற்கு அவள் சொன்ன காரணம் இதுதான்.

அந்தச் சனிக்கிழமை கூட்டம் தாங்கவில்லை. மழைவிட்ட கொஞ்ச நேரத்தில், கால்சட்டையும் பூப்போட்ட புதுச்சட்டையும் போட்ட பெரியவர் ஒருவரை உயிர்காக்கும் வீரர் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். பெரியவருக்குத் தன் அறை எது, யாரோடு வந்தார், எதுவும் ஞாபகமில்லை. பெரியவர்களுக்கென்று தனி இடம் எங்களிடம் கிடையாது. ஆகவே பிள்ளைகளோடு பிள்ளையாக முக்காலியில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்ததும் பக்கத்தில் விசும்பிக்கொண்டிருந்த பையனிடம் கையை நீட்டினார். “எங்க இறங்கணும்?”

பையன் அழுகையை நிறுத்தி முழித்தான்.

“சொன்னாத்தானே டிக்கெட் தரமுடியும்? சில்லறை இருக்கா?”

அவர் பஸ் கண்டக்டராக இருந்தவர் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. சற்று நேரத்தில் கொட்டகையே பஸ்ஸாகிவிட்டது. பிள்ளைகள் முக்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டார்கள். “படியில நிக்காத, உள்ள போ” என்று என்னையும் அதட்டினார். நான் ஊசியும் குடைத்துணியுமாக உள்ளே நகர்ந்தேன். தங்கையிடம், “நீ எங்கம்மா போற?” என்றார்.

“கடைசி ஸ்டாப் ஐயா.”

“அப்ப உக்காந்துக்க. அவசரமில்ல.”

மாலையில் அவருடைய மகன் வந்தான். வியர்த்துக் கொட்டியிருந்தது. அப்பா அறையில் தூங்குகிறார் என்று நினைத்து மனைவி மக்களோடு படகுக்குப் போயிருக்கிறான். “அப்பா! உங்கள எங்கெல்லாம் தேடுறது?” என்று ஓடிவந்து தோளைப் பிடித்தான்.

“யாருய்யா நீ? கைய எடு!” பெரியவர் கத்திய கத்தலில் பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்து அழுதார்கள்.

தங்கை வழக்கம்போல் தொப்பியை எடுக்கச் சொன்னாள், கண்ணாடியைக் கழற்றச் சொன்னாள். அவன் முகத்தையும் கழுவினான். பெரியவர் உற்றுப் பார்த்தார். “தெரியாது” என்று கம்பத்தைக் கட்டிக்கொண்டார். மகன் போனில் படம் காட்டினான். அதில் இருவரும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் கூடிவிட்டது. பலரும் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள்.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் விடுதியின் பெயர் கெடும் எதையும் அவரால் பொறுக்க முடியாது. “மகன்தான்னு தெரிஞ்சுபோச்சுல்ல? ரெண்டு பேர் சேர்ந்து தூக்கி வண்டியில ஏத்துங்க. அறைக்குப் போனா சரியாயிடும்.”

“மகன்தான் சார். நான் இல்லன்னு சொல்லல. இப்படிக் கத்தக் கத்த அனுப்பமாட்டேன்.”

“இது பிள்ளைங்களுக்கான இடம்மா.”

“இப்ப அவரும் அப்படித்தான் சார் இருக்கார்.”

சூப்பர்வைசர் குரலைத் தாழ்த்தினார். “இதப் பாரு, நான் சொல்லி நீ கேக்கலேன்னா நாளைக்கே சலவைக்கூடத்துக்கு எழுதிடுவேன். அப்புறம் என்னைத் திட்டாதே.”

அந்த நீராவியில் அவள் இருமிய இருமல் எங்கள் வீட்டுச் சுவருக்கெல்லாம் தெரியும். “விட்டுடும்மா, அவங்க வீட்டு விஷயம்” என்றேன்.

“அண்ணா, நீ சும்மா இரு.” கேட்காத காதை என் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு வேண்டாத பேச்சுக்கெல்லாம் அந்தக் காதுதான்.

மகனுக்கு அதற்குள் ஆத்திரம் வடிந்திருந்தது. மணலிலேயே உட்கார்ந்துவிட்டான். “வீட்ல இப்படி இல்லம்மா. வீட்ல என்னைத் தெரியும். இங்க வந்ததுலேருந்துதான் ஒரு மாதிரி இருக்காரு. கடலப் பார்த்தா சந்தோஷப்படுவாருன்னு கூட்டிட்டு வந்தேன்.”

தங்கையும் அவன் எதிரில் உட்கார்ந்தாள். அவளுக்கும் அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். ஏதாவது பேச வேண்டுமே என்றுதான் கேட்டாள். “வீட்ல அவருக்கு நீங்க என்ன செய்வீங்க?”

“எல்லாம் என் பொண்டாட்டிதான் பார்க்குறா. நான் காலைல சவரம் மட்டும் பண்ணிவிடுவேன். லீவுதானேன்னு இங்க வந்து அதையும் விட்டுட்டேன்.” சொன்னவன் சட்டென்று நிமிர்ந்தான். “இங்க பிளேடு, சோப்பு ஏதாவது கிடைக்குமா?”

நான் உயிர்காக்கும் வீரர்களின் அறைக்கு ஓடினேன். நாடகக்காரர்களில் ஒருவர் தன் சவரப் பையையே எடுத்துக் கொடுத்தார். இந்த முறை நாடகம் எதுவும் போடவில்லை.

மகன் பெரியவரின் எதிரில் மண்டியிட்டான். அப்பா என்று கூப்பிடவில்லை. பானையிலிருந்து தண்ணீர் எடுத்து, சோப்பைக் கையிலேயே குழைத்து, மெதுவாகக் கன்னத்தில் தடவினான். பெரியவர் முகத்தை இழுத்துக்கொள்ளவில்லை. தங்கை கூட்டத்தைப் பார்த்து, “போன கீழ விடுங்க, அவர் சவரம் பண்ணிக்கிறார்” என்றாள். என்னமோ வெட்கப்பட்டுச் சிலர் நகர்ந்தார்கள்.

முதல் இழுப்பில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவதில் பெரியவர் தானாகவே கன்னத்தை உப்பிக்கொண்டார். தாடைக்கு வந்தபோது சொல்லாமலே தலையைப் பின்னால் சாய்த்தார். கம்பத்தைப் பிடித்திருந்த கை இறங்கி மகனின் தோளில் உட்கார்ந்தது.

“எத்தனை தடவடா சொல்றது,” என்றார் கண்ணை மூடிக்கொண்டே, “மீசை ஓரத்துல கை வைக்காதேன்னு.”

“வைக்கலப்பா.”

“நேத்து வச்சியே. ஒரு பக்கம் ஏறிப்போச்சு.”

“இனிமே வைக்கமாட்டேன்பா.” முழுமுகமும் முடித்துத் துடைத்த பிறகே பிளேடைக் கீழே வைத்தான்.

பெரியவர் எழுந்து மகனின் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்க அம்மா தேடுவா, வா” என்றார். அந்த அம்மா இருக்கிறாரா இல்லையா என்று நாங்கள் கேட்கவில்லை.

ஒப்படைப்புப் பதிவேட்டில் மகன் கையெழுத்திட்டான். கொடுத்தவர் என்ற இடத்தில் எப்போதும் சூப்பர்வைசர்தான் போடுவார். பேனாவை எடுத்தவர், கொஞ்சம் யோசித்துவிட்டு அதைத் தங்கையிடம் நீட்டினார்.

“நான் தூக்கி ஏத்தச் சொன்னவன். இதுல நான் போட்டா நல்லா இருக்காது. நீ போடு.”

“நானா சார்?”

“பின்ன? சலவைக்கூடத்துக்கா போகப்போற? நாளையிலேருந்து இங்க நீயே போட்டுக்க.”

எங்கள் விடுதியில் சம்பளத்துக்கும் வருகைக்கும் விரல் வைக்கும் இயந்திரம். மகளைப் படிப்பில் சேர்த்தபோது தங்கை வைத்தது கைநாட்டு. எழுத்துகளைப் பிறகுதான், பிள்ளைகள் விட்டுப்போன புத்தகங்களைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பிடித்தாள். படிப்பாள், எழுதுவாள். ஆனால் உன் கையெழுத்து வேண்டும் என்று அதுவரை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். நின்றுகொண்டு வராது என்று முக்காலியில் உட்கார்ந்து, பதிவேட்டை மடியில் வைத்து, பெயரை முழுசாக எழுதினாள். கடைசி எழுத்து கட்டத்தைத் தாண்டிப் பக்கத்துக் கட்டத்துக்குள் போய்விட்டது. தேதியையும் போட வேண்டும் என்றார் சூப்பர்வைசர். போட்டாள்: 28 டிசம்பர் 2019.