உடையாத கூடு

லாண்டரியில் அவளுக்குப் பெயர் பூதக்கண்ணாடி. கறை எடுக்கும் மேசை அவளுடையது. காலரில் இருப்பது மையா, துருவா, இரத்தமா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துச் சொல்லிவிடுவாள். கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கும் லென்ஸ் வீட்டுக்கும் கூடவே வரும். "வீட்டுலயும் கறைதானாம்மா?" என்று முதலாளி கிண்டலடிப்பார். கறைக்கா கொண்டுபோனாள்? மகளுக்கு.

பைபிள் வசனம் ஒப்பிக்கச் சொன்னால் அந்தப் பெண் கொட்டாவி விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் பின்னாலிருந்த மரத்தடியில் எறும்பு வரிசையின்மேல் அம்மா லென்ஸைப் பிடித்துக் காட்டினாள். "அம்மா, இதுக்கு முட்டியெல்லாம் இருக்கு!" என்று குழந்தை கத்தியது.

"ஏசப்பா பொறுமையா உக்காந்து செஞ்சிருக்காருடி."

அன்றிலிருந்து ஆராதனை முடிந்தால் அம்மாவும் மகளும் அந்த மரத்தடியில் குந்திவிடுவார்கள். நல்ல புடவை மண்ணாகிறதே என்று மற்றப் பெண்கள் முணுமுணுப்பார்கள். ஆகட்டுமே, அவளுக்குத் தெரியாத கறையா! அவளிடம் ஒரே சட்டம்தான்: பார்த்ததைத்தான் சொல்ல வேண்டும், பார்க்காததைச் சொல்லக் கூடாது.

பக்கத்து வீட்டில் சண்டே ஸ்கூல் டீச்சர். உயிருக்கு உயிரான சிநேகிதி. பிரசவ வலி வந்தபோது கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவள். இவர்கள் வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் அவளிடம் இருக்கும். பள்ளி விட்டதும் குழந்தை அவளிடம்தான் இருக்கும்.

மரத்தடியில் நடப்பதைப் பார்த்துத்தான் டீச்சரும் தன் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கூட்டுப்புழுவைப் புட்டியில் போட்டுக் கொடுத்தாள். பட்டாம்பூச்சி வெளியே வந்ததும், ஆண்டவர் புது உயிர் கொடுப்பதைப் பற்றிச் சபைக்கு முன்னால் சாட்சி சொல்ல வேண்டும். மற்றவர்களுடையது எல்லாம் பறந்துவிட்டது. இவர்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் இருந்தது மட்டும் அசையவில்லை. குழந்தை தினமும் புட்டிக்கு முன் முழங்கால் போட்டு ஜெபித்தது.

ஒரு காலையில் அம்மா லென்ஸ் வைத்துப் பார்த்தாள். கூடு கறுத்துப்போயிருந்தது, ஓரத்தில் ஊசி முனையளவு துளை. ஏதோ பூச்சி உள்ளிருந்தே தின்றுவிட்டு வெளியேறியிருந்தது. வேலைக்குக் கிளம்பும்போது டீச்சரிடம் மட்டும் சொன்னாள்.

"செத்துப்போச்சு. சாயங்காலம் வந்து நானே அவகிட்ட சொல்லிக்கிறேன். செத்ததும் ஆண்டவர் கையிலதான் இருக்குன்னு எடுத்துச் சொன்னா புரிஞ்சுக்குவா."

"சரி, நீ போயிட்டு வா" என்றாள் டீச்சர்.

சாயங்காலம் தெருமுனையிலேயே மகள் ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "அம்மா! ஏசப்பா எழுப்பிட்டாரு!"

புட்டிக்குள் மஞ்சள் பட்டாம்பூச்சி ஒன்று படபடத்துக்கொண்டிருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தாள். அதன் பக்கத்தில் அதே கறுத்த கூடு, அதே துளையோடு. பட்டாம்பூச்சி வந்த கூடென்றால் பிளந்திருக்க வேண்டாமா? லாண்டரிக்காரிக்கே காது குத்துகிறார்கள்! சாவி யாரிடம் இருக்கிறது என்று அவள் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

"ஏன்டி இப்படிப் பண்ணினே?" என்று டீச்சர் வீட்டு வாசலில் நின்று கேட்டாள்.

"புள்ள அவ்ளோ ஜெபம் பண்ணுச்சு, வீணாப் போகலாமா? பூங்காவுல புடிச்சேன். ஞாயித்துக்கிழமை உன் பொண்ணுதான் சாட்சி, பாஸ்டர்கிட்டயும் சொல்லிட்டேன். என் வகுப்புல ஒரு புள்ளையோடது மட்டும் செத்துப்போச்சுன்னு நான் எப்படிப் போய் நிப்பேன்? உண்மையச் சொல்லி அவ மனச உடைக்கணும்னா நீயே உடைச்சுக்கோ."

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்றால் வேறென்ன? பிள்ளைக்காக என்றாள், கடைசியில் பார்த்தால் தன் வகுப்புக்காக! அதிலும் கத்தியை இவள் கையிலேயே கொடுத்துவிட்டாள். அந்த வாரம் முழுக்க அம்மா உண்மையைச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் மகளின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை குழந்தை மைக்கைப் பிடித்துக்கொண்டு கணீரென்று சொன்னது: "கூடு உடைஞ்சு பட்டாம்பூச்சி வந்துச்சு. நான் என் கண்ணால பார்த்தேன்." சபை முழுக்க "ஸ்தோத்திரம்" என்றது. முன்வரிசையில் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மாவுக்குக் கைதட்டக் கை எழவில்லை.

பிறகு வழக்கம்போல் மரத்தடிக்குப் போனார்கள். அம்மா லென்ஸைக் கழற்றி நீட்டினாள். மகள் வாங்கவில்லை.

"கூடு உடையவே இல்லம்மா. நான் அன்னிக்கே பார்த்துட்டேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்புறம் ஏன்டி அப்படிச் சொன்னே?"

"டீச்சர் ஆன்ட்டிதான் அப்படிச் சொல்லணும்னாங்க. நீயும் பார்த்தியே, லென்ஸ் வெச்சுப் பார்த்தியே. நீயும் சும்மாத்தானே இருந்தே?"

மகள் குனிந்து எறும்பு வரிசையைப் பார்த்தாள். முன்னால் போன எறும்பு பெரிய துணுக்கு ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தது.

"அம்மா, இதுக்குச் சாப்பாடு ஏசப்பாதான் குடுக்கறாரா? இல்ல, இதையும் யாராவது வந்து வெச்சிட்டுப் போறாங்களா?"