பத்து நாளில் திருப்பி அனுப்பலாம்

பட்டுச்சேலை ஆர்டர் எடுக்கிற வேலையில் காதில் விழுகிற வேகத்துக்கு விரலும் ஓடியாக வேண்டும். கண்ணாடித் திரையில் தட்டித் தட்டி விரல் நோகும் சக ஜீவன்களே, இது உங்களுக்குத்தான்.

கரை மாறிய சேலை

ஆரணியில் ஒரு பட்டு மொத்த வியாபாரியிடம் வேலை பார்க்கிறேன். வெளியூர்க் கடைக்காரர்கள் போனில் கடகடவென்று சொல்வதை டேப்லெட்டில் அடித்து நெசவாளர்களுக்கு அனுப்ப வேண்டும். திரையில் கீபோர்டு எழும்பினால் பாதி ஆர்டர் அதன் அடியில் மறைந்துவிடும். அப்படித்தான் ஒரு சேலையின் கரையை இன்னொன்றுக்குப் போட்டேன். அரக்குக் கரை கேட்ட கல்யாணச் சேலை கருநீலக் கரையோடு வந்து நின்றது.

இன்னொரு தப்பு நடந்தால் வேறு ஆளைப் பார்ப்பதாக முதலாளி சொல்லிவிட்டார். அந்தச் சேலையை நெய்த சேவூர் நெசவாளர் மட்டும் ஆறுதலாகப் பேசினார்: "அன்னிக்கே கேக்கலாம்னு இருந்தேன் மேடம். படிச்சவங்க அனுப்பினதாச்சேன்னு உட்டுட்டேன்."

பிளாஸ்டிக் தாள்

முதலாளியிடம் கேட்கப் பயந்து, டேப்லெட்டுக்குக் கீபோர்டு வைத்த உயர்ரக கவர் ஒன்றை என் காசில் ஆன்லைனில் வாங்கினேன். முக்கால் மாதச் சம்பளம். சேதமில்லாமல் இருந்தால் பத்து நாளுக்குள் திருப்பி அனுப்பலாம். டீ டம்ளரை அடுத்த மேசைக்குத் துரத்தினேன். பொத்தான்கள் மேல் பிளாஸ்டிக் தாளை விரித்துக்கொண்டு அடித்தேன். சேலை மடிக்கும் செல்வி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தாளு மேலயே தட்டிகினு இருந்தா, அது நல்லாக்கீதா இல்லியான்னு எப்டிக்கா தெரியும்?"

எழுநூறு ரூபாய்

மனசு கேட்காமல் பஜாரில் செல்போன் கடைக்குப் போனேன். அங்கே எழுநூறு ரூபாய்க்கே ஒன்று இருந்தது. நான்கு வரி அடித்ததில் இரண்டு பொத்தான்கள் அமுங்கியபடியே கிடந்தன. என்னுடையதைக் காட்டி, இது உழைக்குமா என்று கேட்டேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உழைக்கும் மேடம். ஆனா ஒடஞ்சா மட்டும் இங்க எடுத்துகினு வராதீங்க, பார்ட்ஸ் கெடைக்காது."

பத்தாம் நாள்

ஒன்பது நாளில் ஒரு கரைகூட மாறவில்லை. ஆனாலும் விலையை நினைத்தால் பகீரென்றது. திருப்பி அனுப்புவதென்று முடிவு செய்து, கூரியர்காரருக்காக மேசை மேல் எடுத்து வைத்தேன். அந்த நேரம் பார்த்து முதலாளி வந்தார்.

விலையைக் கேட்டதும் கவரின் வெளிப்பக்கத் துணியைக் கட்டைவிரலால் தடவினார். எங்கள் ஊரில் சரக்கின் மேல் சந்தேகம் வந்தால் ஒரு நூலை உருவிக் கொளுத்தி முகர்ந்து பார்ப்பார்கள். "வேணாங்க சார்" என்று நான் எழுவதற்குள் ஓரத்தில் ஒரு சாண் நூல் கையோடு வந்துவிட்டது. தீக்குச்சியைக் கிழித்தார், முகர்ந்தார், என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பட்டுன்னா முடி பொசுங்கின வாசன வரணும். இது பிளாஸ்டிக்குமா, உன்ன நல்லா ஏமாத்திட்டானுங்க."

அந்த விலைக்கு அது தகுமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது, ஆனால் நூல் உருவிய கவரை எடுக்காமல் வெறுங்கையோடு போன கூரியர்காரரைப் பார்த்தபோது பத்து நாளில் முதன்முறையாக நிம்மதியாக மூச்சு விட்டேன்.