மாமா எடுத்த கட்டி

என் அக்காவின் கணவரைப் போல ஒரு நேர்மையான ஏமாற்றுக்காரரை நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடங்களிலும் பிறந்தநாள் விழாக்களிலும் மேஜிக் செய்வதுதான் அவர் பிழைப்பு. மேடை ஏறியதும் முதல் வேலையாக, "இது வெறும் கைவேகம். எனக்கு எந்தச் சக்தியும் கிடையாது" என்பார். "இதைச் சொல்லலேன்னா நானும் மந்திரவாதியும் ஒண்ணாயிடுவோம்டா" என்று என்னிடம் சொல்வார். ஆனால் எப்படிச் செய்கிறார் என்று மட்டும் வாய் திறக்கமாட்டார். தொழில் ரகசியமாம்! இருபத்திரண்டு வருடம் கூட வாழ்ந்த அக்காவிடமே மூச்சு விட்டதில்லை. என்ன பெரிய ரகசியம், மண்ணாங்கட்டி!

அக்கா தையல்காரி. ஒருநாள் அவள் வயிற்றில் கட்டி ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, உடனே ஆபரேஷன் செய்தால் பிழைத்துவிடலாம், தள்ளிப்போடாதீர்கள் என்று நாளும் குறித்துக் கொடுத்தார். நாள் முழுக்கக் கத்தரிக்கோலோடு குடும்பம் நடத்துகிறவள், தன் உடம்பில் கத்தி என்றதும் மாட்டவே மாட்டேன் என்றுவிட்டாள். துணி தைக்க வந்த எவளோ சொன்னாளாம், மார்க்கெட்டுக்குப் பின்னால் மாடியில் ஒரு மந்திரவாதி இருக்கிறானாம். விரலாலேயே கட்டியை எடுத்துவிடுவானாம். ரத்தம் வருமாம், வலிக்காதாம், தழும்பும் இருக்காதாம். அக்கா அங்கே புறப்படத் தயாராகிவிட்டாள்.

மாமாவுக்கு வந்ததே கோபம்! "நான் கைவேகம்னு சொல்லிட்டுச் செய்றேன். அந்தப் படுபாவி சக்தின்னு சொல்லிட்டுச் செய்றான். வித்தியாசம் அவ்வளவுதாண்டி!"

"உங்களோடது வித்தைங்க. அவரோடது நிஜம்."

"அப்படியா? படு. அவன் செய்றதை நான் செஞ்சு காட்டறேன்."

அங்கேதான் கோட்டை விட்டார். நினைத்தால் இன்னும் எனக்கு வயிறு எரிகிறது. ரகசியத்தைச் சொல்லிவிட்டல்லவா செய்திருக்க வேண்டும்? மேடைக்காரப் புத்தி விடுமா! முதலில் அசத்து, அப்புறம் பேசு. அரைகுறையாகச் செய்யவும் அந்தக் கைகளுக்குத் தெரியாது. தையல் மெஷினுக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், அவர் விரல்கள் அக்காவின் வயிற்றுக்குள் இறங்கின. சிவப்பாக வழிந்தது. கருஞ்சிவப்பாக ஒரு உருண்டையை இழுத்து வெளியே போட்டார். பக்கத்தில் நின்ற எனக்கே புல்லரித்துவிட்டது.

உடனே கட்டைவிரலின் மேல் மாட்டியிருந்த பொய் விரலைக் கழற்றிக் காட்டினார். "பாரு, இதுக்குள்ளதான் சாயம். இது வெறும் பஞ்சு."

அக்கா அதைப் பார்க்கவே இல்லை. வயிற்றைத் தடவிக்கொண்டு அழுதாள். "லேசாயிடுச்சுங்க. இவ்வளவு நாளா என்கிட்டகூட மறைச்சிட்டீங்களே!"

"ஐயோ, எனக்கு ஒரு சக்தியும் கிடையாதுடி!"

"மேடையிலயும் இதைத்தானே சொல்றீங்க" என்று சிரித்தாள்.

மந்திரவாதியிடம் அவள் போகவில்லை. ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. கெஞ்சினோம், திட்டினோம். இன்னும் கைக்குத் தட்டுப்படுதே என்றால், எடுத்த இடம் வீங்கியிருக்கு, வத்திடும் என்பாள். குறித்த நாளில் நான் கையைப் பிடித்து இழுத்தே பார்த்தேன். "எடுத்ததை எதுக்குடா திரும்ப எடுக்கணும்?" என்றாள். நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். நாசமாய்ப் போன நிம்மதி.

ஐந்தாவது மாதம் வலியில் சுருண்டு விழுந்தவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "அப்பவே வந்திருக்கலாமே" என்றார் டாக்டர். இனி வலிக்கு மருந்து கொடுக்கலாம், அவ்வளவுதான் என்றார். வராந்தா பெஞ்சில் மாமா தன் இரண்டு கைகளின் மேலும் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவரை அறையவேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது.

மறுநாள் காலை அக்கா அவரைக் கூப்பிட்டாள். எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். "அன்னைக்குக் கொஞ்சம் உள்ளேயே விட்டுட்டீங்க போல. இன்னொரு தடவை எடுங்களேன்."

மாமா என்னைப் பார்த்தார். வீட்டுக்குப் போய் அவர் மேஜிக் சாமான்களைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

போர்வையை விலக்கி வயிற்றில் கை வைத்தார். அந்தக் கைகள் பிசகி நான் பார்த்தது அன்றுதான். சாயம் முன்னாலேயே கொட்டிவிட்டது. பொய் விரல் கழன்று அவள் வயிற்றின் மேலேயே விழுந்தது. அக்கா தலையைத் தூக்கி அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு தானே எடுத்து, அவர் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"எல்லாம் வந்துடுச்சுங்க" என்றாள். "போய்க் கையைக் கழுவிட்டு வாங்க."