முதலாம் பிள்ளையாக வந்த அப்பா

நான் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்த வருடம் எங்கள் வீட்டில் இரண்டு பேர் படித்தோம். மற்றவர் அப்பா.

கொழும்பில், கொட்டாஞ்சேனையில், கப்பலில் வரும் சரக்கைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் கம்பனி ஒன்றில் அவருக்கு வேலை. எந்தச் சரக்குக்கு எந்தக் கடதாசி கேட்பார்கள், எது எங்கே இழுபடும் என்பதெல்லாம் அவருடைய தலைக்குள் இருந்தது. அந்த வருடம் கம்பனிக்காரர் புதிய சிஸ்டம் ஒன்று கொண்டுவந்தார்கள். ஆளாளுக்குத் தெரிந்ததை அதில் எழுதிப் போட வேண்டும். எழுத எழுதப் பொயிண்ட்ஸ். யார் முன்னுக்கு நிற்கிறார் என்று எல்லோருடைய ஃபோனிலும் தெரியும்.

வேறு வீடென்றால் ஒபிஸ் வேலைதானே என்று விட்டிருப்பார்கள். எங்களுடையது யாழ்ப்பாணத்து வீடு. வெள்ளவத்தையில் கடற்கரையோரத்து ஃப்ளாட்டுக்கு வந்த பிறகும், ராங்க் என்று ஒன்று கண்ணில் பட்டால் எங்களுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. அம்மா ரீவியை நிறுத்திவிட்டார். சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் நான், மறுபக்கம் லப்டொப்போடு அப்பா, இருவருக்கும் பிளேன்ரீ. நான் எட்டிப் பார்த்தால், "அப்பாவைப் பார், ஆரும் சொல்லாமலே இருந்து படிக்கிறார்" என்று அம்மாவிடம் எனக்கு ஏச்சு விழும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தெஹிவளையிலிருந்து அம்மாவின் தம்பி வந்தார். அப்பா எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மாமா கேட்டார்.

"அத்தான், எல்லாத்தையும் எழுதிக் குடுத்திட்டா பிறகு உங்களை என்னத்துக்கு வச்சிருக்கப் போறாங்கள்?"

"நீ வந்து கண்ணூறு படுத்தாதை" என்றார் அம்மா.

அப்பா சிரித்தார். "கேட்டு வாறவங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறனான்தானே. இதில எழுதினா என்ன?"

வகுப்பில் முதலாம் பிள்ளை வருவதுபோல அப்பா முதலாவதாக வந்தார். கம்பனியில் கேக் வெட்டிப் படம் எடுத்தார்கள். அம்மா அந்தப் படத்தை ஃப்ளாட்டில் ஒரு வீடு விடாமல் காட்டினார்.

சில மாதங்களில் அப்பாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். எல்லாம் சிஸ்டத்தில் இருக்கிறதாம், பார்த்துச் செய்ய ஒரு பொடியன் போதுமாம். அதைச் சொன்னவர் அவருக்குக் கேக் ஊட்டிவிட்ட மனேஜர். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அப்பாவோ ஒருவரையும் ஏசவில்லை. வேலை கேட்டுப் போன இடமெல்லாம் வயதைக் கேட்டார்கள். பிறகு போவதையும் விட்டுவிட்டுச் சாரத்தைக் கட்டிக்கொண்டு ஹோலில் இருந்தார். மாமா வந்தால் அறைக்குள் போய்ப் படுத்துக்கொள்வார்.

ஒருநாள் பின்னேரம் ஒபிஸிலிருந்து ஃபோன் வந்தது. அப்பாவின் இடத்துக்கு வந்த பொடியன். கொன்டெயினர் ஒன்று சுங்கத்தில் இழுபடுகிறதாம், சிஸ்டத்தில் தேடினால் வழி கிடைக்கவில்லையாம். அப்பா எழும்பி நின்று கதைத்தார். சிங்களத்தில், "மல்லி, மல்லி" என்று தம்பி முறை சொல்லி, கையை ஆட்டி ஆட்டி, வெகுநேரம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அப்பா, உங்களைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டினமோ?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு, "ஓம்" என்றார்.

அடுத்த நாள் விடிய நான் அவருடைய சப்பாத்தை மினுக்கி வாசலில் வைத்தேன். அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே போய்ச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்து, சப்பாத்தையும் மாட்டி, "போயிட்டு வாறன்" என்று படியிறங்கிப் போனார். அம்மா சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுத்திருந்தார்.

பின்னேரம் வந்து சப்பாத்தைக் கழற்றியபோது உள்ளேயிருந்து கடல்மணல் கொட்டியது. அம்மா தும்புத்தடியோடு வந்து கூட்டி அள்ளினார். கப்பல் வருகிற இடத்தில் மணல் இருக்கும்தானே என்றுதான் நான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.