ராகு காலத்தில் ஓட்டிய ‘மேக்’

அன்னவாசலில் செக்கு எண்ணெய் வியாபாரம் செய்யும் செல்வராணி, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் போன் செய்தார்.

“அண்ணே, லேபிள் பிரிண்டர் ஓட மாட்டேங்குது. பன்னெண்டு மணிக்குத் திருச்சிக்கு லோடு கெளம்பணும். லேபிள் இல்லாம எறக்க மாட்டோம்னு அங்க கடைக்காரங்க சொல்லிட்டாங்க. அந்தக் கடைக்கு இது மொத ஆர்டருண்ணே.”

நான் எட்டாவதோடு நின்றவன். ஆனால் இலுப்பூர்ப் பக்கம் லினக்ஸ் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால், இன்ஜினியரிங் படித்தவர்களும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, நடப்பதைச் சொல்கிறேன்.

ஒன்பதரைக்கு அவருடைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரை அப்டேட் செய்ததில், பிரிண்டரை ஓட்டும் லைப்ரரி ஃபைல் போய்விட்டிருந்தது. ரெடிமேடாக எங்கும் இல்லை. சோர்ஸ் கோடு மட்டும் கிடைத்தது. எண்ணெய் கேட்டவனிடம் கடலையைக் கொடுத்த கதை. நாமே ஆட்டிக்கொள்ள வேண்டியதுதான். சோர்ஸ் கோடைப் புரோகிராமாக ஆக்கச் சொல்லி ‘மேக்’ என்று கட்டளை கொடுத்தேன். பத்து இருபத்தைந்துக்குக் கம்பைல் முடிந்து பிரிண்டர் ஓடியது. ஆனால் லேபிளில் வலது ஓரம் வெட்டுப்பட்டது. கோடில் அகலம் நாற்பது மில்லிமீட்டர். அவருடைய லேபிள் ஐம்பது. அந்த ஒரு எண்ணை மாற்றி மறுபடி ‘மேக்’ கொடுத்தால் தீர்ந்தது.

செல்வராணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “அண்ணே, பத்தரை ஆயிருச்சு. ராகு காலம்...”

நான் முடிக்க விடவில்லை. “அதுக்கும் எங்கிட்ட வைத்தியம் இருக்கு ஆத்தா.” கம்ப்யூட்டர் கடிகாரத்தை ஒன்பதே முக்காலுக்குத் திருப்பி வைத்தேன். “இவனுக்கு இன்னும் நல்ல நேரந்தான். பாத்துக்கங்க.”

அவர் ஏதோ சொல்ல வந்து சிரித்துவிட்டார்.

எண்ணை மாற்றி ‘மேக்’ கொடுத்தேன். ஒரே நொடியில் முடிந்தது. நம் கைராசி என்று நினைத்துக்கொண்டேன். லேபிள் பழையபடியே வெட்டுப்பட்டு வந்தது. நடுவே பிரிண்டர் செட்டிங்கையெல்லாம் நோண்டி, மூன்று தடவை பார்த்தேன். அதற்குள் பதினொன்றே கால். லோடு வண்டி வாசலுக்கு வந்துவிட்டது.

“அண்ணே, ஒவ்வொரு தடவையும் கீழ கிளாக்னு என்னமோ சொல்லுது. நீங்க மேலயே பாக்குறீங்க.”

“அது வார்னிங்தான் ஆத்தா. எர்ரர் இல்ல.”

“எங்க வீட்டுக்காரரும் நான் சொல்றத அப்படித்தான் நெனைக்கிறாரு.”

படித்தேன். ‘கடிகாரம் சரியில்லை, வேலை அரைகுறையாக இருக்கலாம்’ என்று அது எனக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. கம்பைல் ஆனதற்குப் பிறகு கோடு மாறியிருந்தால்தான் ‘மேக்’ திரும்ப வேலை செய்யும். நான் நேரத்தைப் பின்னால் தள்ளியதால், இப்போது மாற்றிய கோடு அதன் கணக்கில் பழசு. புதிதாக ஒன்றுமில்லை என்று கையைக் கட்டிக்கொண்டது.

“ஆத்தா, நெச நேரத்த வச்சாத்தான் ஆகும். ராகு காலம் பரவாயில்லையா?”

“அதத்தாண்ணே அப்பவே சொல்ல வந்தேன். ராகு காலத்துல புதுசா ஆரம்பிக்கத்தான் கூடாது. நீங்க ஒம்பதரைக்கே ஆரம்பிச்சிட்டீங்க, நிறுத்தாமப் பாருங்கன்னு சொல்றதுக்குள்ள கடியாரத்தத் திருப்பிட்டீங்க.”

நேரத்தைச் சரிசெய்தேன். ‘மேக் கிளீன்’ கொடுத்துப் பழையதை அழித்துவிட்டு முதலிலிருந்து கம்பைல் செய்தேன். முழு லேபிள் வந்தது. ஒட்டி ஏற்றி, பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது வண்டி கிளம்பியது.

இன்றைக்கும் இந்த வட்டாரத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. ஆனாலும் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு இரண்டு சொல்வேன். வார்னிங்கைக் கடைசி வரிவரை படியுங்கள். வாடிக்கையாளர் பேசினால் கடைசிச் சொல்வரை கேளுங்கள். முதலாவதை நான் அன்றே கற்றுக்கொண்டேன். இரண்டாவது இன்னும் முழுதாகக் கைவரவில்லை.