முனைவர் ஜீவானந்தம் கண்டெடுத்த மௌனம்

ஜீவானந்தத்தின் வீட்டு வாசலுக்கான பெயர்ப்பலகை, அவருக்குப் பட்டம் கிடைப்பதற்கு வெகுகாலம் முன்பே தயாராகிவிட்டது. கருங்கல்லில் வெட்டித் தங்க நிறம் பூசிய எழுத்தில் 'முனைவர் ஜீவானந்தம்' என்றிருக்கும். ஸ்ரீபெரும்புதூரில் கல் வெட்டுகிறவர் கடையைக் காலி செய்துகொண்டிருந்தார், சல்லிசாகக் கிடைத்தது, வாங்கிப் போட்டேன் என்றார். கல் அவருடைய படுக்கையறையில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. தலைகீழாக நின்றாவது அதை வாசலுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய வாழ்க்கை லட்சியம்.

மண்ணூர் பக்கத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. அவர் அங்கே தமிழ் கற்பிக்கிறார். லேபுக்கும் லஞ்சுக்கும் நடுவே மாணவர்கள் கண்ணயர்வது அவருடைய வகுப்பில்தான். நான் நூலகர். என்னிடம் புத்தகத்துக்கு வருகிறவர்களைவிட ஏசிக்கு வருகிறவர்கள் அதிகம். அதனால் யாரையும் குறை சொல்லும் நிலையில் நான் இல்லை, இருந்தாலும் சொல்லுவேன். மூன்று வருஷத்துக்குள் முனைவர் பட்டம் வாங்காவிட்டால் வேலை கிடையாது என்று நிர்வாகம் ஜீவானந்தத்திடம் சொல்லிவிட்டது.

ஆராய்ச்சி செய்ய அவருக்கு ஆள் அகப்படவில்லை. பெரிய எழுத்தாளர்கள் எல்லார் மேலும் ஏற்கெனவே யாராவது பஸ்ஸில் கர்ச்சீப் போடுவதுபோல இடம் பிடித்திருந்தார்கள். அப்போதுதான் வல்லம் வடகால் அப்பாவு சிக்கினார். வாலிபத்தில் வாலாஜாபாத் நாடக சபா ஒன்றுக்கு 'மகுடபுரி மன்னன்' என்று ஒரே ஒரு நாடகம் எழுதியவர். சில திருவிழாக்களில் அது நடந்தது, ஒரு திருவிழாவில் மழை வந்து பாதியில் நின்றுபோனது. அதோடு அவர் எழுத்தை விட்டார், எழுத்தும் அவரை விட்டது. நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபின் மீதி இடத்தில் வரிசையாக ரூம் கட்டி, தென்மாவட்டப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டு, தண்ணீர் தொட்டி வழிகிறதா என்று பார்த்துக்கொண்டு சௌகரியமாக இருந்தார். அவர் மேல் இதுவரை ஒருவரும் கை வைக்கவில்லை என்பதை ஜீவானந்தம் இணையத்தில் தேடி உறுதிசெய்துகொண்டார்.

"ஆள் ஃப்ரெஷ்ஷுண்ணே," என்றார் என்னிடம்.

சபாவின் தியேட்டர் வாலாஜாபாத்தில் இன்னும் இருக்கிறது. முன்பக்கம் காதுகுத்துக்கும் சீமந்தத்துக்கும் வாடகைக்குப் போகிறது. மேடைக்குப் பின்னால் ஓர் அறை நிறையத் தகரப் பெட்டிகள். சாவி சந்திரம்மாளிடம். அந்தக் காலத்தில் ராணி வேஷம் கட்டியவர். இப்போது பள்ளிக்கூட ஆண்டுவிழாக்களுக்குக் கிரீடமும் ஜரிகை உடுப்பும் வாடகைக்கு விடுகிறார். ஜீவானந்தம் அந்த அறையை ஆவணக் காப்பகம் என்றார். சந்திரம்மாளுக்கு அது பொட்டி ரூம். முகக்கவசமும் கையுறையும் மாட்டிக்கொண்டு போய் நின்றவரை அவர் மேலும் கீழும் பார்த்திருக்கிறார்.

"இன்னா வாத்யாரே, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"இல்லம்மா, பழைய காகிதத்தை வெறுங்கையால தொடக்கூடாது."

"நாங்க அதும்மேலதான் போண்டா வச்சித் துன்னோம். பாத்து எடு, பூச்சி கீது."

முதல் பெட்டியிலேயே, மேலாக, 'மகுடபுரி மன்னன்' இருந்தது. அடுத்த பெட்டியைத் திறக்க அவருக்குப் பொறுமை இல்லை. போனில் படம் எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு ஓடிவந்தார். நாடகம் இப்படிப் போயிற்று:

.......... ஓலை.
அரசன்: யார் தந்தது?
.......... பசிக்கிறதாம்.
அரசன்: தெரியும்.
.......... அத்தை.
அரசன்: வாளை எடு.

முதலிலிருந்து கடைசிவரை இதே கதைதான்.

"அண்ணே, அந்தக் காலத்துல, இந்த ஊர்ல, ஒரு மனுஷன் வசனத்தையே உடைச்சுப் போட்டிருக்கார்ணே. எதிர்ல யாருன்னே தெரியல. புள்ளி புள்ளியா வச்சு, அப்புறம் ஒரே வார்த்தை. மௌனம்ணே, மௌனம்." கண் கலங்கியிருந்தது.

நாடகக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம் ஒன்று உண்டு. முழு நாடகத்தையும் எழுதி நடிகர்கள் கையில் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் அடுத்த திருவிழாவிலேயே வேறொரு சபா அதை வேறு பெயரில் போட்டுவிடும். அவரவர் பேச வேண்டியதை மட்டும் எழுதிக் கொடுப்பார்கள். எதிராளி பேசி முடிக்கிற கடைசி வார்த்தை மட்டும் அடையாளத்துக்கு இருக்கும். அதற்குப் பாடம் என்று பெயர். ஜீவானந்தம் கண்டெடுத்தது ராஜா வேஷக்காரரின் பாடம். ராணி பாடமும் மந்திரி பாடமும் மற்றதெல்லாமும் பக்கத்துப் பெட்டிகளில் இருந்தன. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சந்திரம்மாள் சொல்லியிருப்பார். இதைக்கூட ஒரு மனிதர் தெரியாமல் இருப்பார் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் அப்போது தெரியாது. நூலகர் என்றால் எல்லாம் படித்தவர் என்று அர்த்தமில்லை.

'அப்பாவு நாடகத்தில் மௌனத்தின் அரசியல்' வேகமாக வளர்ந்தது. அத்தைக்கு மட்டுமே ஓர் இயல். அத்தை என்பவள் நிலம், நிலத்தைப் பறிக்க அதிகாரம் வருகிறது, ஆகவே வாள் என்று எழுதியிருந்தார். அடிக்குறிப்பில் வெளிநாட்டு அறிஞர்கள் ரேஷன் கடையில் நிற்பதுபோல வரிசையாக நின்றார்கள்.

அப்பாவுவைப் பேட்டி காணப் போனபோது நானும் கூடப் போனேன்.

"ஐயா, இந்த மௌனத்தை நீங்க திட்டமிட்டுத்தான் வச்சீங்களா?"

அப்பாவுவுக்கு நாடகம் துளிகூட நினைவில்லை. அவரிடமிருந்த பிரதியைக் கரையான் தின்றுவிட்டது. ஆனால் இத்தனை வருஷத்தில் நாடகத்தைப் பற்றி அவரிடம் ஒருவரும் கேட்டதில்லை. உள்ளே பார்த்துக் காபிக்குச் சொன்னார்.

"மௌனம்னு நீ இன்னாத்தச் சொல்றே?"

ஜீவானந்தம் விளக்கினார். கிழவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"ஆங், அதேதான். அதத்தான் நானும் மன்சுல வச்சிக்கினு இருந்தேன். வெளிய சொன்னா இவனுங்களுக்கு எங்க புரியப்போவுது?"

எழுதி நீட்டிய பேட்டியில் அப்போதே கையெழுத்துப் போட்டார். மறுவாரம் அவர் வீட்டு கேட்டில், 'ரூம் காலி இல்லை' என்பதற்கு மேலே, 'நவீன நாடக ஆசிரியர் அப்பாவு இல்லம்' என்ற பலகை ஏறியது.

வாய்மொழித் தேர்வுக்கு முந்தின நாள் மாலை, கல்லூரி அரங்கில் நாடகத்தை நடத்திக் காட்டினால் புறத்தேர்வாளர் மடங்கிவிடுவார் என்று ஜீவானந்தம் கணக்குப் போட்டார். அரசனாக நடிக்க அப்பாவுவின் ரூமில் இருந்த உச்சிமாகாளி அகப்பட்டான். தென்காசிப் பக்கம், ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் லைனில் நிற்கிறவன். ஒத்திகையில் அவனுக்கு ஒரே சந்தேகம்தான்.

"சார், நான் யாருகிட்ட பேசுதேன்?"

"யாருமில்ல. வெற்றிடம்."

"வெத்திடத்தப் பாத்தா வாள எடுன்னு சொல்லணும்? எதுத்தாப்ல ஒரு ஆளு நின்னா நல்லாருக்கும்லா சார்."

"நவீன நாடகத்துல ஆள் நிக்காது."

"எங்க லைன்லயும் அப்படித்தான் சார். ஆளக் கொறச்சிட்டாவ," என்றான் உச்சிமாகாளி.

நாடகம் தொடங்கியது. முன்வரிசையில் புறத்தேர்வாளர், பொன்னாடையோடு அப்பாவு, நாடகம் முடிந்ததும் கிரீடத்தைக் கையோடு வாங்கிப்போக வந்திருந்த சந்திரம்மாள். ஒலிபெருக்கியில் ஒரு குரல் 'ஓலை' என்றது. நீண்ட மௌனம். 'யார் தந்தது?' என்றான் அரசன். மறுபடி மௌனம். மாணவர்கள் போனை எடுத்துவிட்டார்கள். புறத்தேர்வாளர் மோவாயைத் தடவிக்கொண்டு ரசித்தார். குரல் 'அத்தை' என்றது. 'வாளை எடு,' என்றான் அரசன். மௌனம்.

மேடையில் ஒருவன் பதில் வராமல் நிற்பதைச் சந்திரம்மாளால் சகித்துக்கொள்ள முடியாது. பதில் சொல்ல வேண்டியவர் மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே ராணியின் குரலை எடுத்தார்.

"வாளை எடுத்து என்ன பயன் பிரபு? போன முறை வந்தபோது அந்த வாளால்தான் அத்தை பலாப்பழம் வெட்டினாள். அது எங்கே கிடக்கிறதென்று அவளுக்குத்தான் தெரியும்."

அரங்கம் திகைத்தது. பிறகு சிரித்தது. பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் உச்சிமாகாளி மேடை விளிம்புக்கே வந்துவிட்டான்.

"மந்திரியைக் கூப்பிடு."

"மந்திரி அத்தைக்குக் கால் பிடித்துக்கொண்டிருக்கிறார், பிரபு."

மாணவர்கள் போனைக் கீழே வைத்தார்கள். அரசன் ஒன்று சொல்ல, ராணி ஒன்று சொல்ல, சாப்பாட்டுக்கு வரும் அத்தைக்குப் பயந்து அரண்மனையே கட்டிலுக்கடியில் ஒளிகிற கதை விரிந்தது. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்பாவு எழுந்து நின்றுவிட்டார்.

"சந்திரா, இது சிரிக்கிற நாடகமா?"

"பின்ன, ஒப்பாரியா எழ்தின? ஒக்காரு, அத்தை உள்ள வர்ற எடம் வந்திடுச்சி. அவ பாடம் எனக்குத் தெரியாது, வேற பொட்டியில கீது." அரசன் தலையிலிருந்த கிரீடத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டு கிளம்பினார். போகிற போக்கில் ஜீவானந்தத்திடம் அவர் கையிலிருப்பது ராஜா பாடம் மட்டும்தான் என்று சொல்லிவிட்டும் போனார்.

மறுநாள் காலை ஜீவானந்தம் என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். "போச்சுண்ணே. அந்தக் கல்லை யாருக்காவது குடுத்துடலாம்." அவர் மேல் எனக்கு நிஜமாகவே இரக்கம் வந்தது. அந்த இரக்கம் மதியம்வரைகூட நிற்கவில்லை.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் முதலில் கேட்டது இதுதான். "மேடையின் மௌனத்துக்குப் பார்வையாளர் நடுவிலிருந்து பதில் எழுகிறது. அபாரமான உத்தி. உங்கள் யோசனையா?"

ஜீவானந்தம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆமாங்கய்யா. திட்டமிட்டதுதான்."

பட்டம் கிடைத்தது, வேலை நிலைத்தது, கல் வாசலுக்கு வந்தது. கல்லூரி பொட்டி ரூமைத் தத்தெடுத்துக்கொண்டது. சந்திரம்மாளுக்குத் துணிமணி வைக்கப் புது பீரோ வாங்கிக் கொடுத்து, சாவியை வாங்கிக்கொண்டார்கள். பெட்டிகளுக்குப் புதுப் பூட்டு. கதவில் 'ஆவணக் காப்பகம், ஆய்வாளர்களுக்கு மட்டும்' என்று பலகை. சாவி முனைவரிடம். அவரும் பெட்டிகளைத் திறப்பதில்லை. திறந்து எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தால் தன் ஆய்வேட்டுக்குப் பால் ஊற்றிவிட வேண்டியதுதான் என்று அவருக்குத் தெரியும்.

போன மாதம் அப்பாவு அவரைத் தேடி நூலகத்துக்கே வந்துவிட்டார்.

"வாத்யாரே, அந்தப் பொட்டிங்களக் கொஞ்சம் தொறயேன். அல்லாப் பாடத்தையும் ஒண்ணா சேத்து எழ்திடறேன். நம்ம ரூம் பசங்கள வச்சே ஒரு தபா போட்டுப் பாத்துடலாம்."

"ஐயா, அது ஆய்வாளர்களுக்கு மட்டும்தான்."

"நான் எழ்தினதுப்பா அது."

"அதான் ஐயா சொல்றேன். நீங்க ஆசிரியர். ஆய்வாளர் இல்லையே. மௌனம்தான்னு பேட்டியில கையெழுத்தும் போட்டிருக்கீங்க. இப்ப மாத்திச் சொன்னா உங்க பேருதான் கெட்டுப்போகும்."

கிழவர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். கேட்டில் தொங்கும் பலகை நினைவுக்கு வந்திருக்க வேண்டும். எனக்கு ஆத்திரமாக வந்தது. திரும்பி வந்த புத்தகங்களை அடுக்க ஆரம்பித்தேன்.

"செரி, தொறக்க வாணாம். அத்தை உள்ள வந்து இன்னா சொல்றா, அத மட்டும் பாத்துச் சொல்லு. எந்நேரமும் யோசிச்சிக்கினே கீறேன், வர மாட்டேங்குது."

அத்தையைப் பற்றி ஓர் இயலே எழுதியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஐயா, அத்தை நிலம். நிலம் பேசாது."

அப்பாவு நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"திருவிழாவுல அவ பேசினாப்பா," என்றார். "அல்லாரும் சிரிச்சாங்க."